பதினொன்றாம் கழுகு கிடந்த இடம்

ஹெஸ்டர் டவுன்ஸ்
11 ஜூன் 1996, செவ்வாய் இரவு

டாக்டர் ஸ்ட்ராகன் அவர்களுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேண்டாம், வனத்துறைக்காரர்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்களுக்கு எழுதினேன் என்று தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் பயமாக இருக்கிறது. ஒன்பது மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் பெயர் மெரின் டக்வெல். வயது பதினான்கு. உங்கள் கழுகு செத்துக் கிடந்ததாக நீங்கள் சொல்லும் ஆட்டுப் பண்ணை எங்களுடையது. மரியாதையாக எழுதத்தான் நினைத்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று, மரியாதை வரவில்லை.

கழுகின் முதுகில் நீங்கள் கட்டிய கருவி ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரே இடத்தில் கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்தீர்கள். செயற்கைக்கோள் காட்டும் புள்ளிகள் எல்லாம் எங்கள் வேலிக்காரர் டெஸ் தங்கியிருந்த குடிசையைச் சுற்றி விழுகின்றன என்றும் எழுதினீர்கள். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு வனத்துறைக்காரர்கள் வந்து குடிசையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கழுகும் கிடைக்கவில்லை, கருவியும் கிடைக்கவில்லை. நரிக்கு வைக்கிற விஷ டப்பா கிடைத்தது. அது இல்லாத பண்ணை எங்கே இருக்கிறது? ஆகஸ்ட் 22ஆம் தேதி டெஸ்மேல் வழக்கு. சிறைக்கே போகலாம் என்கிறார்கள். அப்பா அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தன் லாரியில் படுத்துக்கொள்கிறார்.

டெஸ் உங்கள் கழுகைக் கொல்ல மாட்டார். அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்ததே அவர்தான். காலையில் அது வேலிக்கு மேலே சுற்ற ஆரம்பித்தால் என்னிடம், "சின்ன முதலாளி, இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, கம்பிய நேரா புடி. நேத்து நாலாவது கம்பம் சாஞ்சிருக்குன்னு எழுதிட்டுப் போனாரு" என்பார். சாப்பிடும்போது ஆட்டுக்கொழுப்பில் ஒரு துண்டு வெட்டிக் கம்பத்தின்மேல் வைப்பார். "இது லஞ்சம் இல்ல, மரியாதை" என்பார்.

வனத்துறைக்காரர்கள் விட்டுப்போன வரைபடத்தை அப்பா அடுப்பு விறகோடு போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி உப்பு ஏரியின் நடுவில் இருக்கிறது. இன்னொன்று ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. அதையெல்லாம் அடித்துவிட்டு உங்களுக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் செயற்கைக்கோளுக்குக் கண் சரியில்லை.

பதில் எழுதினால் பழுப்பு உறையில் வையுங்கள். மேலே என் பெயரும், நான் ரேடியோவில் பாடம் படிக்கிற பள்ளியிலிருந்து வந்ததுபோல 'வானொலிப் பள்ளி, கணிதம்' என்றும் எழுதுங்கள். வியாழக்கிழமை தபால் விமானம் வரும்போது பையை வாங்கிவருவது நான்தான். அப்பா எல்லாவற்றையும் பிரிப்பார், பள்ளி உறையை மட்டும் தொடமாட்டார்.

மெரின் டக்வெல்

அடிலெய்டு
17 ஜூன் 1996

திரு. டக்வெல் அவர்களுக்கு,

போர்வை, டார்ச் எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் பதினான்கு வயதுப் பெண் எழுதியது என்று நம்பும் அளவுக்கு நான் இந்த வேலைக்குப் புதியவள் அல்ல. ஆட்டுப் பண்ணைக்காரர்கள் எனக்கு இதுவரை மிரட்டல் அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் கழுகின் கால்களை வெட்டி அனுப்பினார். மகள் பெயரில் எழுதுவது புதிது. உங்கள் விருப்பப்படியே பழுப்பு உறையில் அனுப்புகிறேன். நாடகம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்போம்.

செயற்கைக்கோளுக்குக் கண் சரியில்லை என்கிறீர்கள். அதற்குக் கண்ணே கிடையாது. அது கேட்கிறது. சாலையில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உங்களைக் கடந்துபோனால், வரும்போது ஒரு சுருதி, போகும்போது ஒரு சுருதி. கருவியின் குரல் அப்படி மாறுவதை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. சரியாகக் கேட்காத புள்ளிகளை ஒதுக்கிவிடுவோம். ஏரிப் புள்ளி அப்படிப்பட்டது. நன்றாகக் கேட்டவை பதினான்கு. பதினான்கும் உங்கள் வேலிக்காரரின் குடிசையைச் சுற்றி நானூறு மீட்டருக்குள் விழுந்தன. பதினான்கு சாட்சிகள் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வதில்லை.

பதினொன்றாம் எண் கழுகைக் கூட்டிலிருந்து எடுத்தவள் நான். கயிற்றில் தொங்கிக்கொண்டு, அதன் தாய் என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்க, ஏழு வாரக் குஞ்சை மடியில் வைத்துக் கருவியின் பட்டையைக் கட்டினேன். அதற்கு யார் என்ன பெயர் வைத்தார்கள் என்பது எனக்கு அக்கறை இல்லை.

இனி நீதிமன்றத்தில் பேசிக்கொள்வோம்.

யூனா ஸ்ட்ராகன்

ஹெஸ்டர் டவுன்ஸ்
22 ஜூன் 1996, இரவு

டாக்டர் ஸ்ட்ராகன்,

நான் அப்பா இல்லை. இத்துடன் என் கணக்குத் தாள் ஒன்றை வைத்திருக்கிறேன். என் கையெழுத்தையும் ஆசிரியையின் சிவப்பு மையையும் பாருங்கள். முக்கோணத்தில் 18/20. அந்த இரண்டு மதிப்பெண் ஏன் போனது என்றால் செய்ததைச் சரிபார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார். உங்களுக்கும் அதையே எழுதலாம்.

உங்கள் பெயரைக்கூட இந்த வீட்டில் சொல்ல முடியாது. நேற்று டீசல் வாங்கப் போகும்போது வண்டியில் கேட்டேன்: "அப்பா, அந்தப் புள்ளியெல்லாம் தப்பா இருந்தா?" அவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பறவைக்காரி பேச்ச இன்னொரு தடவ எடுத்தே, உன்னோட ரேடியோவ கழட்டி ஆட்டுத் தொட்டில போட்டுடுவேன். பள்ளிக்கூடமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." அம்மா போர்ட் அகஸ்டாவில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒருமுறைதான் வருவாள். ரேடியோ போனால் எனக்குப் பேச யாரும் இல்லை.

பங்கில் டெஸ் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கினார்.

"என்ன சின்ன முதலாளி, நம்ம வேலி நிக்குதா, படுத்துடுச்சா?"

"நிக்குது. நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன. ஜெயில்ல மூணு வேளை சோறாம். ஆனா ஒரு கஷ்டம், கம்பியெல்லாம் அவங்களே கட்டி வெச்சிருப்பாங்க. எனக்கு அங்க வேலையே இருக்காது."

சிரித்தார். டீக் கோப்பையைக் குடிக்காமலே தட்டில் வைத்தார். அப்பா அவரைப் பார்க்காமலே, "மெரின், வண்டில ஏறு" என்றார். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் வேலை செய்த ஆள். டெஸ் விஷம் வைப்பதைப் பார்த்தேன் என்று அப்பாதான் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் புள்ளிகளை நம்பித்தான் அப்பா அப்படி எழுதிவிட்டார். அதுவும் உங்களால் வந்தது.

பள்ளியில் தராசைக்கூடத் தெரிந்த எடையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறோம். உங்கள் கருவியை என்றைக்காவது தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்தீர்களா? தைரியம் இருந்தால் எனக்கு ஒன்று அனுப்புங்கள். நான் ஓரிடத்தில் வைக்கிறேன். எங்கே என்று சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

மெரின்

அடிலெய்டு
1 ஜூலை 1996

மெரின்,

கணக்குத் தாளைப் பார்த்தேன். உன் அப்பாவால் இவ்வளவு மோசமாகத் தசமப் புள்ளி வைக்க முடியாது. சரி, நீ இருக்கிறாய்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். உன் வயதில் நானும் இப்படித்தான் பேசினேன், யாரும் எனக்கு மன்னிப்புக் கேட்கும் கடிதம் எழுதவில்லை.

தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாய். பார்த்தோம். 1988இல், எங்கள் அலுவலக மொட்டை மாடியில், ஒரு மத்தியானம். அதற்குமேல் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் உன்மேல் கோபம் கூடுகிறது.

உறைக்குள் இருப்பது உதிரிக் கருவி. உன் அப்பாவின் லாரியைவிட விலை அதிகம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்தால் பேச ஆரம்பிக்கும், மறுபடி ஒட்டினால் ஊமையாகிவிடும். எங்கே வைத்தாய் என்று எனக்கு எழுதாதே. நான் கண்டுபிடிக்கிறேன். ஒரு வாரம் பேசட்டும், பிறகு திருப்பி அனுப்பு. நான் சொன்ன இடம் சரியாக இருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்து அத்தோடு நின்றுவிட வேண்டும்.

யூ. ஸ்ட்ராகன்

ஹெஸ்டர் டவுன்ஸ்
20 ஜூலை 1996, இரவு

டாக்டர் ஸ்ட்ராகன்,

உங்கள் தாள் வந்தது. முப்பத்தொரு புள்ளி, கீழே ஒரே வரி: "வைத்துக்கொண்டு சந்தோஷமாக இரு." இருக்கிறேன்.

கருவியை வடக்கு மூலையில் உள்ள அரசாங்க நில அளவைக் கல்லின்மேல் வைத்திருந்தேன். வேலி பார்க்கப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். அந்தக் கல் இருக்கும் இடம் வரைபடத்திலேயே அச்சாகியிருக்கிறது. அது நகராது, யாருக்கும் சாதகமாகப் பேசாது. சுற்றிலும் மரம்கூட இல்லை, வெறும் வெட்டவெளி.

உங்கள் முப்பத்தொரு புள்ளியில் ஒன்றுகூடக் கல்லின்மேல் விழவில்லை. பதினேழு புள்ளி கல்லுக்குக் கிழக்கே கூட்டமாக இருக்கிறது. பதினான்கு மேற்கே. இரண்டு கூட்டமும் கல்லிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டு காது இருக்கிறது, முகம் இல்லை. இத்துடன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன், அடிக்கோல் வைத்து அளந்து பாருங்கள்.

இப்போது கழுகின் புள்ளிகளைப் பாருங்கள். பதினான்கும் ஒரே கூட்டம். டெஸ்ஸின் குடிசையில் கழுகு கிடந்திருந்தால் குடிசைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம் வந்திருக்க வேண்டும். குடிசை காலியாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அதனால் கழுகு அங்கே கிடக்கவே இல்லை.

எங்கே கிடந்தது என்பது எனக்குத் தெரியாது, அது உங்கள் வேலை. நீதிமன்றத்துக்கு உடனே எழுதுங்கள். எட்டு வருஷமாக எத்தனை கழுகை இப்படித் தப்பான இடத்தில் வைத்தீர்களோ.

கருவியைப் பருத்தித் துணியில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காந்தம் மேசைக்குக் கீழே விழுந்துவிட்டது, அப்புறம்தான் கிடைத்தது. என்னிடமே இருக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள்.

மெரின்

அடிலெய்டு
29 ஜூலை 1996

மெரின்,

நீ சொன்னது சரி. அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

நான்கு நாள் தூங்காமல் தவற்றைக் கண்டுபிடித்தேன். கணினிக்குக் கருவி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுகு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் என்பதால் எல்லாக் கழுகுக்கும் அதையே எழுதி வைத்தேன். கழுகு தரையில் கிடக்கும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. செத்த பிறகும் என் கணினி அதை ஆகாயத்திலேயே வைத்திருந்தது. பதினான்கு சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொன்னதற்குக் காரணம், அவற்றுக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவள் ஒருத்திதான்.

உயரம் தப்பானால் புள்ளி செயற்கைக்கோளிடமிருந்து விலகித் தள்ளப்படும். செயற்கைக்கோள் மேற்கே கடந்தால் புள்ளி கிழக்கே போகும். கிழக்கே கடந்தால் மேற்கே போகும். வெட்டவெளியில் இருந்த உன் கல்லை இரண்டு பக்கமிருந்தும் செயற்கைக்கோள்கள் கேட்டன, அதனால் இரண்டு கூட்டம். கழுகை மேற்கிலிருந்து மட்டுமே கேட்டிருக்கின்றன. அது கிடந்த இடத்துக்குக் கிழக்கே ஏதோ மறைத்திருக்கிறது. தகரமாக இருக்கலாம். கருவிக்குள் வெப்பமானியும் உண்டு. தினமும் மூன்று மணிக்கு மேல்தான் சூடு ஏறுகிறது. மேற்கு வெயில் மட்டும் படுகிற இடம்.

உயரத்தைத் திருத்திப் போட்டேன். பதினான்கு புள்ளியும் டெஸ்ஸின் குடிசையை விட்டு மேற்கே ஆயிரத்து நானூறு மீட்டர் நகர்ந்தன. அங்கே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தேன்.

உன் வீடு.

முதலில் எனக்கு வந்த எண்ணத்தை மறைக்கமாட்டேன்: உனக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும், என்னை வைத்து விளையாடியிருக்கிறாய். இன்னும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

டெஸ்மேல் சொன்ன புள்ளிகளைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீதிமன்றத்துக்கு எழுதிவிட்டேன். அவரை விடுவிக்க அது போதாது என்று வழக்கறிஞர் சொல்கிறார். விஷ டப்பா இருக்கிறது, கண்ணால் பார்த்ததாக உன் அப்பா சொன்னது இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்ட புள்ளிகளைத் திருத்திக் காட்டினால், ஒருமுறை தவறியவள் மறுபடியும் தவறுகிறாள் என்பார்கள். அதுவும் நியாயம்தான். பாதி நிச்சயத்தோடு இன்னொரு மனிதரின் வீட்டைச் சுட்டிக்காட்ட மாட்டேன்.

பதினொன்றாம் எண் இன்னும் பேசுகிறது, ஆனால் மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்து ஆகஸ்ட் 7 இரவு எட்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து வரை பேசும். அதற்குப் பிறகு பேசும் என்று தோன்றவில்லை.

உன்னை எதுவும் செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. உனக்கு எழுதினேன் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை.

யூ. ஸ்ட்ராகன்

ஹெஸ்டர் டவுன்ஸ்
7 ஆகஸ்ட் 1996, புதன் இரவு

டாக்டர் ஸ்ட்ராகன்,

எனக்குத் தெரியாது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன், வாய்க்குள்ளேயே. அளந்து அளந்து இதைக் கொண்டுவந்தது நான்தான். டெஸ்ஸை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். எடுத்த இடத்தில் யாரையாவது வைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

எங்கள் எந்திர ஷெட்டுக்கு மூன்று பக்கம் தகரம். மேற்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். திங்கட்கிழமை அப்பா ஆடு ஓட்டிக்கொண்டு போனதும் உள்ளே போனேன். பழைய கம்பளிச் சாக்குக்கு அடியில் ஒரு வாளி. அதில் உங்கள் கருவி இருந்தது. பட்டையைக் கத்தியால் அறுத்திருந்தார். அந்தப் பட்டையில் இரண்டு இறகு ஒட்டியிருந்தது. அடித்து உடைக்கப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, ஒரு ஓரம் நசுங்கியிருக்கிறது. உடைந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்.

கிணற்றில் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனேன். போடவில்லை என்பதால் என்னை நல்லவள் என்று நினைக்காதீர்கள். போட்டால் சத்தம் கேட்குமே என்ற பயம்தான். திரும்பக் கொண்டுவந்து வாளியிலேயே வைத்துவிட்டேன். பென்சில் டப்பாவில் உங்கள் காந்தம் இருக்கிறது. அதை ஒட்டினாலே போதும், ஊமையாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதையும் யோசித்தேன். இரண்டு இரவு அதை மட்டும்தான் யோசித்தேன்.

இன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "கோர்ட்டுக்கு நானும் போகணும். அந்த வெள்ளச் சட்டைய தேச்சு வை."

"டெஸ்ஸுக்கு என்ன ஆகும்பா?"

"அவன் ஒத்த ஆளு. புள்ள குட்டியா? எங்க போனாலும் பொழச்சுக்குவான்." ரொட்டியைப் பிய்த்துக் குழம்பைத் துடைத்தார். "குட்டி போடற காலத்துல அந்தப் பறவைங்க எத்தன தூக்குச்சு தெரியுமா? எண்ணிப் பாத்தியா நீ? உனக்கு ரேடியோவுல அதச் சொல்லித் தரமாட்டாங்க."

நான் டெஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். அவர் கழுகைப் பற்றிப் பதில் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

சட்டையைத் தேய்த்து வைத்தேன். பிறகு அவர் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போனபோது ஏணியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினேன். வீட்டில் அதைவிட உயரமான இடம் இல்லை. மேலே எந்தப் பக்கமும் மறைப்பு கிடையாது. கருவியைத் தொட்டியின் மூடியில் வேலிக் கம்பியால் கட்டியிருக்கிறேன், டெஸ் கட்டுகிற முடிச்சு, காற்றுக்கு அவிழாது. எட்டு மணியிலிருந்து பேசிக்கொண்டிருக்கும். இந்த முறை இரண்டு பக்கமிருந்தும் கேட்கும்.

உங்கள் கணினியிடம் சரியாகச் சொல்லுங்கள். வரைபடத்தில் எங்கள் வீடு நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டி ஆறு மீட்டர், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஷெட்டில் அது இருந்த வாளியிலிருந்து தொட்டிவரை எழுபத்திரண்டு அடி வைத்தேன், கிழக்கே. நான் நகர்த்தினேன் என்பதையும் எழுதுங்கள், எதையும் மறைக்காதீர்கள். மறுபடி தப்பு செய்தால் உங்களை மன்னிக்கவே மாட்டேன்.

அப்பாவைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியவில்லை. இடத்தை மட்டும் எழுதுங்கள்.

உறையை முதலிலேயே எழுதி, பள்ளித் தாள்களோடு என் அறையில் இருக்கும் தபால் பையில் நடுவில் செருகி வைத்திருக்கிறேன். இதை முடித்ததும் அதற்குள் போட்டுவிடுவேன். நாளை காலை விமானம். கையெழுத்து இல்லாமல் வந்தாலும் நான்தான் எழுதினேன். காந்தத்தைக் கொஞ்ச நேரத்துக்கு முன் ஜன்னல் வழியாக இருட்டில் வீசிவிட்டேன். எவ்வளவு தூரம் போனது என்று எனக்குத் தெரியாது. இனி நானே நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது.

வராந்தாவில் நடக்கிறார். தூக்கம் வராவிட்டால் நடப்பார், பயப்பட வேண்டாம்.

ஏணியை எடுக்க மறந்துவிட்டேன்.

வெளியே போய்விட்டு வருகிறார். என் பெயரைக் கூப்பிடுகிறார். "மெரின். தொட்டிகிட்ட ஏணிய யாரு சாத்துனது?" சத்தமாக இல்லை. சத்தமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னும் ஏழு மணி நேரம் பேச வேண்டும் அது. கதவைத் தட்டுகிறார். "தூங்கலன்னு தெரியும், வெளிச்சம் தெரியுது, கதவத் தொற." நான் கடிதத்தை இப்போது பையில்